போராட்டத் தெருவில் குடியிருப்பவர்கள்



ஜெய்ப்பூர் மன்னர் சவாய் ஜெய்சிங் 1724இல் தில்லியில் ஒரு வானாய்வுக் கூடம் கட்டினார். அதற்குப் பெயர் ஜந்தர் மந்தர். அதை ஒட்டி ஓடும் ஜந்தர் மந்தர் சாலை நீளத்தில் சிறியது. நிழல் தரும் மரங்கள், பழைய பங்களாக்கள், ஒரு பக்கம் கேரள அரசின் விருந்தினர் மாளிகை, சற்றுத் தள்ளி ஓர் அரசியல் கட்சியின் அலுவலகம். கன்னாட் பிளேஸ் கடைவீதி நடந்து போகும் தூரம், நாடாளுமன்றமும் அருகில்தான். 1993 முதல் தலைநகரின் ஆர்ப்பாட்டங்களுக்கு என்று காவல்துறை ஒதுக்கிக் கொடுத்த இடம் இந்தச் சாலை. ஒதுக்கியபோது அங்கே ஏற்கெனவே மனிதர்கள் குடியிருந்தார்கள்.

நகரின் நடுவில், போராட்டம் நடக்கும் தெருவில் வீடு வைத்திருப்பவர்களின் வாழ்க்கைதான் இன்றைய பேச்சின் பொருள். போராடுகிறவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஆளுகிறவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தெருவிலேயே விடிந்து அந்தத் தெருவிலேயே உறங்குகிறவர்களைப் பற்றி எழுத்து குறைவு. அவர்களுடைய துன்பம் உண்மையானது. அந்தத் துன்பத்தைக் காரணம் காட்டித்தான் போராட்டங்கள் நகருக்கு வெளியே துரத்தப்படுகின்றன என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜந்தர் மந்தருக்கு முன்னால் தில்லியின் போராட்டக் களம் இந்தியா கேட் அருகில் உள்ள போட் கிளப் புல்வெளி. 1988 அக்டோபரில் மகேந்திர சிங் திகாயத் தலைமையில் உத்தரப் பிரதேசத்து விவசாயிகள் அங்கே வந்து இறங்கினார்கள். கூட்டம் ஐந்து லட்சம் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. மாட்டு வண்டியும் டிராக்டருமாக வந்தவர்கள் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள், ஹுக்கா புகைத்தார்கள், ஏறத்தாழ ஒரு வாரம் தங்கினார்கள். ஆட்சியின் வாசலிலேயே நாட்டுப்புறம் வந்து உட்கார்ந்துகொண்ட அந்த வாரத்தை அதிகாரிகள் மறக்கவில்லை. பின்னாளில் போட் கிளப் மூடப்பட்டது. சிறிய கூட்டங்கள் ஜந்தர் மந்தர் சாலைக்கு நகர்த்தப்பட்டன. அகன்ற புல்வெளியில் நடந்த ஒன்றை, வீடுகள் உள்ள குறுகிய சாலைக்குள் அரசே கொண்டுவந்து வைத்தது.

அதன்பின் அந்தச் சாலைக்கு வராத குறை இல்லை. 2006இல் போபால் விஷவாயுவால் பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் ஊரிலிருந்து தில்லி வரை நடந்தே வந்து அங்கே அமர்ந்தார்கள். 2011 ஏப்ரலில் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருந்தார். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு 2015 ஜூனில் முன்னாள் படைவீரர்கள் பந்தல் போட்டார்கள். பெரிய இயக்கங்கள் தவிர, ஊரில் நிலத்தகராறில் தோற்றவர், மகன் சாவுக்கு நீதி கேட்பவர் என்று தனி ஆளாக ஒரு பதாகையோடு வருடக்கணக்கில் நடைபாதையில் கிடந்தவர்களும் உண்டு. பக்கத்தில் பங்களா சாகிப் குருத்வாரா இருக்கிறது. அங்கே எந்நேரமும் கிடைக்கும் லங்கர் சாப்பாட்டை நம்பித்தான் அவர்களில் பலர் அத்தனை நாள் தாக்குப்பிடித்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு அந்தச் சாலை நன்றாக அறிமுகமானது 2017 மார்ச்சில். வறட்சியில் கருகிய டெல்டாவிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் விவசாயிகள் அய்யாக்கண்ணு தலைமையில் ரயிலேறிப் போனார்கள். பயிர்க்கடன் தள்ளுபடி, ரூ. 40,000 கோடி வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம் ஆகியவை முக்கியக் கோரிக்கைகள். தற்கொலை செய்துகொண்ட விவசாயிகளுடையவை என்று சொல்லி மண்டை ஓடுகளை முன்னால் வைத்து உட்கார்ந்தார்கள். இடுப்பில் பச்சைத் துணி, வெற்று மார்பு, பெரும்பாலும் வயதானவர்கள். எலியை வாயில் கவ்வினார்கள், பாதி மீசையை மழித்துக்கொண்டார்கள், தார்ச்சாலையில் சோற்றைக் கொட்டி அள்ளித் தின்றார்கள். ஏப்ரல் 10 அன்று பிரதமர் அலுவலகத்தின் அருகே சிலர் ஆடை களைந்து ஓடினார்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டிய அந்த ஏப்ரலில், 41 நாட்கள் அப்படியே கிடந்தார்கள். முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி நேரில் வந்து பேசிய பிறகு ஏப்ரல் 23 அன்று போராட்டத்தை நிறுத்திவைத்தார்கள். கோரிக்கை நிறைவேறவில்லை என்று சொல்லி ஜூலையில் மறுபடியும் வந்தார்கள்.

அந்த நாட்களில் அதே சாலையின் மதில்களுக்கு உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது?

அங்கே குடியிருந்தவர்கள் சிலர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த முறையீடுகளைப் படித்தால் மனம் இளகும். காலை தொடங்கி இரவு வரை ஒரே நேரத்தில் பல மைக்செட்டுகள், ஒன்றின் முழக்கம் அடங்கும் முன் இன்னொன்றின் முழக்கம். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்கும் முதியவருக்கும் தூக்கமில்லை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் புத்தகத்தை மூடி வைக்கிறார்கள். வாசலில் காவல்துறைத் தடுப்புகள் நிற்பதால் சொந்த வீட்டுக்குள் கார் நுழைய அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. நடைபாதையிலேயே குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், ஒதுங்க இடமில்லாமல் மதில் ஓரத்தைப் பயன்படுத்துகிறார்கள். பசுப் பாதுகாப்புக் கோரிய ஒரு குழு மாட்டு வண்டிகளையும் பசுக்களையும் கொண்டுவந்து கட்டியிருந்ததும் புகாரில் இருந்தது.

தீர்ப்பாயம் 2017 அக்டோபர் 5 அன்று உத்தரவு போட்டது. இந்தச் சாலையில் தர்ணா, ஆர்ப்பாட்டம், கூட்டம், ஒலிபெருக்கி எதுவுமே கூடாது. எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். போராட விரும்புகிறவர்கள் அஜ்மீரி கேட் பக்கம் உள்ள ராம்லீலா மைதானத்துக்குப் போகட்டும். மாசற்ற சூழலில் அமைதியாக வாழ்வது அரசமைப்பின் 21ஆம் கூறு தரும் உரிமை என்பது தீர்ப்பாயம் சொன்ன காரணம். அக்டோபர் மாத இறுதியில் காவல்துறையும் நகராட்சி ஊழியர்களும் வந்து பந்தல்களைப் பிரித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்த முன்னாள் படைவீரர்களின் பந்தலும் போனது.

அந்த வீட்டுக்காரர்கள் சொன்னதில் மிகை எதுவும் தெரியவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் எல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2005இல் அழுத்தமாகச் சொன்னது. இந்த விதிகளைச் செயல்படுத்த வேண்டியது காவல்துறை. கழிப்பறையும் குடிநீரும் குப்பைத் தொட்டியும் வைக்க வேண்டியது புதுதில்லி நகராட்சி மன்றம். பத்து, இருபது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கானோர் வந்து தங்கும் இடம் என்று தெரிந்தும், போதிய கழிப்பறை கூட வைக்காமல் விட்டது யார்? மதில் ஓரத்தில் ஒதுங்கிய கிழவருக்கும் மதிலுக்கு உள்ளே மூக்கைப் பிடித்துக்கொண்ட குடும்பத்துக்கும் ஒரே நிர்வாகத்தின் மேல்தான் கோபம் வந்திருக்க வேண்டும். அந்தக் கோபம் ஒருவர் மேல் ஒருவருக்குத் திருப்பிவிடப்பட்டது. கடமை தவறிய நிர்வாகத்துக்குத் தண்டனை இல்லை. போராடியவர்களுக்கு வெளியேற்றம்.

ராம்லீலா மைதானம் பெரிய இடம்தான். ஆனால் அது மாநகராட்சிக்குக் கட்டணம் கட்டி எடுக்க வேண்டிய மைதானம். லட்சம் பேரைத் திரட்டும் கட்சிக்கு அது பொருந்தும். ஐந்து பேர் கையில் தட்டியோடு வந்தால் அந்த மைதானத்தின் நடுவில் அவர்களை யார் பார்ப்பார்கள்? அங்கிருந்து நாடாளுமன்றம் கண்ணுக்கு எட்டாது, குரலுக்கும் எட்டாது.

தீர்ப்பாயத்தின் தடையை எதிர்த்து ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் உச்ச நீதிமன்றம் போனது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்ட அமைப்பு அது. முன்னாள் படைவீரர்களும் வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு 2018 ஜூலை 23 அன்று தீர்ப்புச் சொன்னது. குடியிருப்பவர்கள் பட்ட துன்பத்தை அந்தத் தீர்ப்பு ஒதுக்கித் தள்ளவில்லை. அதுவரை அங்கே போராட்டங்கள் நடந்த விதம் அவர்களின் வாழ்வுரிமையைப் பாதித்தது என்று ஒப்புக்கொண்டது. அதற்காக அந்த இடத்தையே மூடிவிடக் கூடாது என்றும் சொன்னது. எத்தனை பேர், எந்த நேரம், எவ்வளவு ஒலி என்று வகுத்து இரண்டு மாதத்துக்குள் வழிகாட்டு நெறிகளைத் தயாரிக்கும்படி காவல் ஆணையருக்கு உத்தரவிட்டது. மத்திய தில்லி முழுவதற்கும் 144 தடையாணையைத் தொடர்ச்சியாகப் புதுப்பித்துக்கொண்டே போனதையும் நீதிபதிகள் ஏற்கவில்லை. அதன் பிறகு 2021 ஜூலையில் வேளாண் சட்டங்களை எதிர்த்த விவசாயிகள் நாளுக்கு 200 பேர் என்ற கணக்கில் அதே சாலையில் 'விவசாயிகள் நாடாளுமன்றம்' நடத்தினார்கள். 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் அங்கேதான் உட்கார்ந்தார்கள்.

குடியிருப்பவரின் பெயரைச் சொல்லிப் போராட்டத்தை அகற்றுவதற்கு முன்னால், அவருடைய துன்பத்தில் எவ்வளவு போராட்டத்தால் வந்தது, எவ்வளவு காவல் ஏற்பாட்டால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். இதற்குத் தெளிவான உதாரணம் தில்லியின் தென்கிழக்கில் உள்ள ஷாஹீன் பாக். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2019 டிசம்பர் 15 முதல் அங்கே பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். நொய்டாவுக்குப் போகும் முக்கியப் பாதை அடைபட்டது. அக்கம்பக்கத்தாரும் தினசரிப் பயணிகளும் பட்ட பாடு கொஞ்சமல்ல, பல மணி நேரம் சுற்றிப் போனார்கள். உச்ச நீதிமன்றம் சமரசம் பேச மூத்த வழக்கறிஞர்கள் சஞ்சய் ஹெக்டே, சாதனா ராமச்சந்திரன் இருவரையும் அனுப்பியது. முன்னாள் தலைமைத் தகவல் ஆணையர் வஜாகத் ஹபிபுல்லாவும் நேரில் போய்ப் பார்த்து, 2020 பிப்ரவரியில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். போராட்டத்துக்குத் தொடர்பே இல்லாத மாற்றுச் சாலைகளைக் காவல்துறையே தடுப்பு வைத்து அடைத்திருக்கிறது, அவற்றைத் திறந்தால் நெரிசல் குறையும் என்பது அதன் சாரம்.

அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று வந்த தீர்ப்பு, பொதுச் சாலையைக் காலவரையின்றி ஆக்கிரமிக்கக் கூடாது, அப்படிச் செய்தால் நிர்வாகம் அகற்றலாம் என்றது. அந்தக் கருத்தில் நியாயம் இருக்கிறது. மாதக்கணக்கில் ஒரு சாலையை அடைத்து வைப்பதை அந்தச் சாலையை நம்பிப் பிழைப்பவர்கள் தாங்க மாட்டார்கள். ஆனால் திறந்திருக்க வேண்டிய பக்கத்துச் சாலைகளை யார் அடைத்தார்கள் என்ற கேள்விக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

சென்னைக்கு வருவோம்.

2017 ஜனவரி 17 அன்று மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடினார்கள். ஒரு வாரத்தில் அது லட்சக்கணக்கானோரின் கடற்கரையாக மாறியது. தலைவர் இல்லை, கட்சிக் கொடி இல்லை, இரவில் செல்பேசி விளக்குகள், பகலில் குப்பை பொறுக்கும் மாணவர்கள் என்று உலகமே அதைப் புகழ்ந்தது. அந்தப் புகழுரைகளில் பக்கத்து ஊர்களின் பெயர் அதிகம் வரவில்லை. கடற்கரைச் சாலையின் மறுபுறம், விவேகானந்தர் இல்லத்தை அடுத்துள்ள மீனவக் குடியிருப்பு நடுக்குப்பம். கல்லூரிப் பெண்கள் இரவும் பகலும் மணலில் உட்கார்ந்திருந்தபோது அவர்கள் போய் வரக் கழிப்பறை எங்கே இருந்தது? மீனவர் வீடுகளில் இருந்தது. தண்ணீரும் கொடுத்தார்கள், சோறும் கொடுத்தார்கள். போராட்டத்துக்கு அருகில் குடியிருப்பவர் என்றால் புகார் சொல்பவர் என்று மட்டும் நினைத்துக்கொள்வோர், அந்த ஒரு வாரத்து நடுக்குப்பத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜனவரி 23 அதிகாலை காவல்துறை மெரினாவைக் காலி செய்யத் தொடங்கியது. அடிக்குப் பயந்து ஓடிய பிள்ளைகள் சந்துகளில் புகுந்தார்கள். நடுக்குப்பத்துப் பெண்கள் கதவைத் திறந்து உள்ளே விட்டார்கள். அதன்பின் நடந்ததைப் பத்திரிகையாளர்களிடமும் உண்மை அறியும் குழுக்களிடமும் அவர்களே சொன்னார்கள்: காவலர்கள் வீடு வீடாகப் புகுந்து அடித்தார்கள், வண்டிகளை நொறுக்கினார்கள், மீன் சந்தைக்குத் தீ வைத்தார்கள். காவல்துறையின் பதில், சமூக விரோதிகள் கூட்டத்தில் புகுந்துவிட்டார்கள் என்பது. அன்று ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் நிறுத்தியிருந்த வாகனங்களும் எரிந்தன. சீருடையில் இருந்தவர்களே வாகனத்துக்குத் தீ வைப்பதுபோல் தெரியும் காணொளிகள் பரவின. ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ராஜேஸ்வரன் தலைமையில் அரசு விசாரணை ஆணையம் அமைத்தது.

ஒரு மீன் சந்தை எரிந்தால் என்ன எரிகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மீன் விற்கும் பெண்ணின் முதலீடு வங்கியில் இல்லை. கூடையிலும் அன்னக்கூடையிலும் ஐஸ் பெட்டியிலும் அரிவாள்மனையிலும் தராசிலும் இருக்கிறது. விடியுமுன் கடன் வாங்கி ஏலத்தில் மீன் எடுப்பாள், பொழுது சாய்வதற்குள் விற்று வட்டியோடு அடைப்பாள். மிஞ்சுவது வீட்டுச் செலவுக்கு. ஒரு நாள் வியாபாரம் நின்றால் கடன் ஒரு நாள் நீளும். பொருளே எரிந்துபோனால் அந்தச் சுழற்சியே அறுந்துவிடும். கொளுத்தப்பட்ட கூரைக்கு அடியில் கருகிக் கிடந்தது பல குடும்பங்களின் அடுத்த மாதங்கள். இவர்கள் போராட்டம் நடத்தவில்லை. போராட்டத்துக்கு எதிராகப் புகாரும் கொடுக்கவில்லை. அங்கே குடியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஜந்தர் மந்தர் சாலைக்காரர்களிடம் வழக்கறிஞர் வைக்க வசதி இருந்தது. அவர்களுடைய தூக்கத்துக்காக நாட்டின் முதன்மையான போராட்டக் களமே சில மாதம் மூடப்பட்டது. நடுக்குப்பம் பெண்கள் தங்கள் பிழைப்புக்காக விசாரணை ஆணையத்தின் முன் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. குடியிருப்பவர் உரிமை என்று பேசும்போது எந்தக் குடியிருப்பவர் என்ற கேள்வியை விட்டுவிட முடியாது.

மெரினாவின் கதை அதோடு முடியவில்லை. தில்லியில் மண்டை ஓட்டோடு உட்கார்ந்த அதே அய்யாக்கண்ணு, காவிரிக்காக மெரினாவில் 90 நாள் உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டார். 2018 ஏப்ரல் 28 அன்று உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒரு நாளுக்கு அனுமதி தந்தார். அன்றே அரசு மேல்முறையீடு செய்தது, அன்றே இரு நீதிபதிகள் அமர்வு தடை விதித்தது. செப்டம்பரில் அந்த அனுமதி முழுவதுமாக ரத்தானது. காற்று வாங்க வரும் பொதுமக்களுக்கு இடைஞ்சல், சட்டம் ஒழுங்கு கெடும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். 1972இல் ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு, பொதுத் தெருக்களில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஒட்டுமொத்தமாக மறுக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. ஒழுங்குபடுத்துவதற்கு உழைக்க வேண்டும், மறுப்பதற்கு ஒரு கையெழுத்துப் போதும். நிர்வாகம் பெரும்பாலும் கையெழுத்தையே தேர்ந்தெடுக்கிறது.

போராட்டமே நேராகக் குடியிருப்பவர்களை வதைத்த இடங்களும் உண்டு. அதைப் பூசி மெழுகக் கூடாது. 2022 ஜனவரி இறுதியில் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவுக்குத் தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து லாரிகள் வந்தன. நாடாளுமன்றத்தைச் சுற்றிய தெருக்களில் வரிசையாக நிறுத்திவிட்டு, ஏர் ஹாரனையும் ரயில் ஹாரனையும் மணிக்கணக்கில், இரவிலும்கூட, அழுத்தினார்கள். அந்தத் தெருக்களில் அடுக்ககங்கள் நிறைய. முதியோர், கைக்குழந்தை வைத்திருப்போர், வீட்டிலிருந்தே வேலை பார்ப்போர், இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குவோர் எல்லாரும் பத்து நாள் அந்த ஒலிக்குள் கிடந்தார்கள். காவல்துறை பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் 21 வயதான ஓர் இளம்பெண் குடியிருப்பவர்கள் சார்பில் வழக்குத் தொடுத்தார். பிப்ரவரி 7 அன்று நீதிபதி ஹியூ மெக்லீன் பத்து நாள் இடைக்காலத் தடை விதித்தார். அந்தத் தடை ஹாரனுக்கு. சட்டத்துக்கு உட்பட்டு அமைதியாகப் போராடும் உரிமையை அது தொடவில்லை. எது வலிக்கிறதோ அதை மட்டும் நிறுத்தச் சொன்ன அந்த உத்தரவையும், எல்லாவற்றையும் ஒரே வரியில் துடைத்தெறிந்த தில்லித் தீர்ப்பாய உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பிப்ரவரி 13 அன்று ஒட்டாவாவாசிகள் தாங்களே தெருவில் இறங்கி, பில்லிங்ஸ் பாலம் அருகே மேலும் வந்த வாகனங்களை மறித்து நிறுத்தினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது.

ஹாங்காங்கில் துன்பம் வேறு திசையிலிருந்து வந்தது. 2019 போராட்டங்களின்போது காவல்துறை சுட்ட கண்ணீர்ப் புகைக்குண்டுகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில். உலகிலேயே மிக நெருக்கமாக மனிதர்கள் வாழும் தெருக்களில் அவை விழுந்தன. புகை கதவிடுக்கு வழியாகவும் குளிரூட்டி வழியாகவும் வீட்டுக்குள் ஏறியது. முதியோர் இல்லங்களையும் விடவில்லை. ஆகஸ்ட் 11 அன்று க்வாய் ஃபாங் மெட்ரோ நிலையத்துக்கு உள்ளேயே சுட்டார்கள். போரில் கண்ணீர்ப் புகையை ஆயுதமாகப் பயன்படுத்துவதை 1993இல் கையெழுத்தான வேதியியல் ஆயுத ஒப்பந்தம் தடை செய்கிறது. உள்நாட்டில் கூட்டம் கலைப்பதற்குத் தடையில்லை. ஆகவே எதிரிப் படைமேல் வீசக் கூடாத புகை, சமையலறையில் நிற்கும் மூதாட்டியின் நுரையீரலுக்குள் போகலாம். வோங் டாய் சின் வட்டாரத்தில் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக மாடியிலிருந்து இறங்கி வந்த சாதாரண மக்கள், தங்கள் தெருவை விட்டுப் போகும்படி காவலர்களிடம் சண்டை போட்டார்கள். அதுவரை ஊர்வலத்துக்கே போகாதவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

கெய்ரோவில் சுவர் எழுப்பினார்கள். தஹ்ரீர் சதுக்கத்திலிருந்து உள்துறை அமைச்சகம் இருக்கும் பக்கம் போகும் முகம்மது மஹ்மூத் தெருவில் 2011 நவம்பர் 19 முதல் சில நாட்கள் நடந்த மோதலில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ரப்பர் குண்டும் சிறு ரவையும் பட்டுப் பலர் கண்ணிழந்தார்கள். அதன் முடிவில் பெரிய கான்கிரீட் கட்டிகளை அடுக்கித் தெருவை அடைத்தார்கள். அடுத்த சில மாதங்களில் சுற்றியிருந்த தெருக்களிலும் ஒவ்வொன்றாகச் சுவர் வந்தது. ஐந்து நிமிடத்தில் போகும் கடைக்கு அரை மணி சுற்ற வேண்டும். வாடிக்கையாளர் வராமல் கடைகள் காய்ந்தன. சுவர் மேல் ஏறிக் குதித்துக் கடந்தவர்களும் உண்டு. 2012 மார்ச்சில் ஓவியர்கள் சிலர் அந்தச் சுவர்களின் மேல், மறுபுறம் இருக்கும் தெருவையே அச்சு அசலாக வரைந்தார்கள். மோதல் ஓய்ந்த பிறகும் சுவர்கள் நின்றன. குடியிருப்பவர்களைக் காப்பதற்கென்றால் எப்போதோ இடித்திருக்கலாம்.

போராடுகிறவர்களுக்கும் இதில் கடமை இருக்கிறது. அதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஷாஹீன் பாக் பெண்கள் ஆம்புலன்ஸுக்கும் பள்ளி வாகனத்துக்கும் வழிவிட்டார்கள். 2022இல் கொழும்பு காலிமுகத் திடலில் அறகலயப் போராட்ட இளைஞர்கள் அமைத்த கூடாரக் கிராமத்தில் நூலகமும் முதலுதவிக் கூடாரமும் சமையலிடமும் இருந்தன, தற்காலிகக் கழிப்பறைகளும் வந்தன. தமிழ்நாட்டில் ஒரு தொழிற்சங்கமோ மாணவர் அமைப்போ போராட்டத்துக்கு நாள் குறிக்கும்போது அந்தத் தெருவின் நான்கு வீட்டுக் கதவைத் தட்டி, இத்தனை நாள், இத்தனை மணி வரை, நோயாளி இருந்தால் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவது பெரிய செலவில்லை. ஒலிபெருக்கியின் வாயை வீடுகளுக்கு எதிர்ப்புறம் திருப்பி வைப்பதற்குச் செலவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் அனுதாபத்தை இழந்த போராட்டத்தைக் கலைப்பது காவல்துறைக்குச் சுலபம் என்பதை ஒவ்வொரு அமைப்பாளரும் அனுபவத்தில் அறிவார்.

சென்னையில் இன்றைய நடைமுறை இது: 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் 41ஆம் பிரிவின்படி, 15 நாளுக்கு ஒருமுறை தடையாணை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வருகிறது. ஆர்ப்பாட்டம் நடத்த ஐந்து நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் என்று சில இடங்களுக்கு அனுமதி கிடைக்கும், பல விண்ணப்பங்கள் திருப்பி அனுப்பப்படும். அந்த விண்ணப்பத்தைக் காவல்துறை ஒன்றே பார்க்கிறது. மாநகராட்சி பார்ப்பதில்லை, தெருவாசிகள் பார்ப்பதில்லை.

இங்கே கேட்பது நான்கு மாற்றங்கள். அனுமதி கொடுக்கும் கடிதத்திலேயே எத்தனை நடமாடும் கழிப்பறை, எத்தனை தண்ணீர் லாரி, எந்த நேரத்துக்குக் குப்பை வண்டி என்று எழுதப்பட்டு மாநகராட்சி மண்டல அதிகாரி கையெழுத்திட வேண்டும். களத்தில் டெசிபல் மானியோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஊழியர் ஒருவர் நிற்க வேண்டும், அளவு மீறினால் அந்த ஒலிபெருக்கியை மட்டும் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும். எந்தெந்தச் சந்துகளை, எந்தெந்தச் சாலைகளை அடைக்கிறோம் என்று காவல்துறை முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும், எழுதாத இடத்தில் தடுப்பு வைக்கக் கூடாது. கூட்டத்தைக் கலைக்கும்போது அக்கம்பக்கத்து வீடும் கடையும் சேதமானால், யார் குற்றவாளி என்ற விசாரணை முடியும்வரை காத்திராமல், ஒரு மாதத்துக்குள் இழப்பீடு தர ஒரு நிதி வேண்டும். இந்த நான்குக்கும் புதிய சட்டம் தேவையில்லை. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் ஆணையர்களின் சுற்றறிக்கை போதும், இரண்டாவதற்கும் நான்காவதற்கும் அரசாணை போதும். அடுத்த மாநகராட்சி மன்றக் கூட்டத்திலேயே சேப்பாக்கத்தையும் நடுக்குப்பத்தையும் சேர்ந்த வார்டு உறுப்பினர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.